பழைய போன்ல ஜிபிஎஸ்: ஆரியங்காவு தாண்டினா வழி சொல்லுமா?

2024 ஜூன் 8, காலை. வாசகர் கேள்வி

அப்பா வச்சிருந்த பழைய போன் ஒண்ணு சும்மா கிடக்கு. ஆண்ட்ராய்டு 6. சிம் போடாம வண்டியில மாட்டி வழி பார்க்கலாம்னு நினைக்கேன். தென்காசியில இருந்து புனலூர் போகணும், இன்னொரு நாள் அச்சன்கோவில். புளியரை தாண்டி மலை ஏறிட்டா டவர் கிடையாது, டவர் இல்லேன்னா ஜிபிஎஸ்ஸும் கிடையாதுன்னு சித்தப்பா அடிச்சுச் சொல்றாரு. புதுப் போன் வாங்கித்தான் ஆகணுமா அண்ணாச்சி?

2024 ஜூன் 8, இரவு

சித்தப்பா சொன்னதுல பாதி சரி தம்பி. டவர் இல்லைங்கிறது சரி. ஜிபிஎஸ் இல்லைங்கிறது தப்பு.

ஜிபிஎஸ் சேட்டிலைட் தலைக்கு மேல 20,200 கிலோமீட்டர்ல சுத்துது. அது பேசும், நம்ம போன் கேட்கும், அவ்வளவுதான். ரேடியோப் பெட்டி மாதிரி. நம்ம போன் மேல ஒண்ணும் அனுப்புறதில்ல. அதனால சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், காசும் கிடையாது. நாலு சேட்டிலைட் காதுல விழுந்தா போதும், நிக்கிற இடத்தைச் சொல்லிடும்.

நான் பாவூர்சத்திரம் மார்க்கெட்ல காய்கறி ஏத்தி புனலூர் போற ஆளு. வாரத்துக்கு நாலு நடை. வண்டியில இருக்குற போன் 2016ல வாங்கினது, மூலையில கண்ணாடி விரிஞ்சது, சிம் இல்லாதது. அதுதான் வழி காட்டுது.

லொகேஷன் செட்டிங்ல ‘பேட்டரி சேமிப்பு’ன்னு ஒண்ணு இருக்கும், அதைப் போட்டுக்கோங்க. பழைய பேட்டரிக்கு நல்லது.

2024 ஜூன் 9

நேத்து எழுதினதுல ஒரு ஓட்டை. நெட் வேண்டாம்னு சொன்னேன். வேண்டாம்தான். ஆனா நெட் இல்லாத போனுக்கு விடியக்காலம் எந்திரிக்கிறதுக்கு நேரம் பிடிக்கும்.

சேட்டிலைட் தன்னோட இருப்பிடக் கணக்கையும் சேர்த்தேதான் அனுப்புது, ஆனா ஒரு நொடிக்கு 50 பிட் வேகத்துல. இன்னைக்கு வாட்ஸ்அப்ல வர்ற ஒரு குட்மார்னிங் படம் அந்த வேகத்துல வந்தா மறுநாள் காலையிலதான் விடியும். ஒரு சேட்டிலைட்டோட கணக்கை முழுசா வாங்க 30 நொடி தடங்கலில்லாமக் கேட்கணும். நடுவுல ஒரு மரக்கிளை மறைச்சா முதல்ல இருந்து. எல்லா சேட்டிலைட்டையும் பத்தின மொத்தப் பட்டியல் வரணும்னா பன்னிரண்டரை நிமிஷம். நெட் இருந்தா இதையெல்லாம் டவர் வழியா ஒரு நொடியில இறக்கிக்கும், அதனாலதான் புதுப் போன்ல ‘உடனே’ வர்ற மாதிரித் தெரியுது. சித்தப்பா டவரையும் ஜிபிஎஸ்ஸையும் ஒண்ணாப் பார்த்ததுக்குக் காரணம் இதுவாத்தான் இருக்கும். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

எனக்கு இது புரிஞ்சது கேரள எல்லையில இருக்குற கோட்டைவாசல்ல. மூணு வருஷம் இருக்கும். சாரல் சொட்டுது, வண்டியை மரத்தடியில போட்டு ஆஃப் ஆன போனை ஆன் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கேன். இருபது நிமிஷம் வட்டம் சுத்துது. டீக்கடைச் சேட்டன் எட்டிப் பார்த்துட்டு, “மரத்தின்றெ சுவட்டில் நிந்நா எங்ஙனெ கிட்டும் அண்ணாச்சி?” அப்படின்னாரு. மரத்தடியில நின்னா எப்படிக் கிடைக்கும்னு கேக்காரு. வண்டியை முப்பதடி முன்னால, வெட்டவெளிக்கு எடுத்தேன். டீ ஆறுறதுக்குள்ள நீலப் புள்ளி வந்துருச்சு.

2024 ஜூன் 9, கொஞ்சம் கழிச்சு

அதனால: வீட்டு வைஃபைல ஒரு தடவை போனை ஆன் பண்ணி, மேப்பைத் திறந்து, புள்ளி வந்த பிறகு கிளம்புங்க. அந்தக் கணக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம் செல்லும். புனலூருக்கு அது தாராளம். வழியில போனை ஆஃப் பண்ணாதீங்க.

2024 ஜூன் 10

மேல எழுதின பேட்டரி சேமிப்பு யோசனையைத் தயவுசெஞ்சு அடிச்சிடுங்க. ஒருத்தர் தனியாச் சுட்டிக்காட்டினாரு, சரியாத்தான் சொன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு.

ஆண்ட்ராய்டு 6 மாதிரிப் போன்கள்ல லொகேஷனுக்கு மூணு வகை இருக்கு. ‘அதிகத் துல்லியம்’, ‘பேட்டரி சேமிப்பு’, ‘சாதனம் மட்டும்’. நடுவுல இருக்குறது ஜிபிஎஸ்ஸையே தொடாது. டவரையும் வைஃபையையும் வச்சுக் குத்துமதிப்பா இடம் சொல்லும். சிம் இல்லாத போன்ல, ஆரியங்காவு காட்டுல, அது யாரைக் கேட்டுச் சொல்லும்? ‘சாதனம் மட்டும்’ போடுங்க. பேரைப் பார்த்தா ஏதோ குறைஞ்சது மாதிரி இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான்.

நான் சொன்னபடி போட்டுப் பார்த்து ‘சித்தப்பா சொன்னது சரிதான்’னு நினைச்சிருந்தா, தப்பு என்னோடது.

2024 ஜூன் 12

மேப். இதுலதான் எல்லாரும் மாட்டுறாங்க, நானும் மாட்டினேன்.

இடம் தெரியிறது வேற, அந்த இடத்துக்குப் படம் இருக்குறது வேற. கூகுள் மேப்ஸ்ல ஒரு சதுரம் போட்டு அந்தப் பகுதியை இறக்கி வச்சுக்கலாம். முதல் தடவை நான் தென்காசியைச் சுத்திச் சதுரம் போட்டேன். பார்க்க நிறைவா இருந்துச்சு. ஆரியங்காவு தாண்டினதும் ரோடு அந்தரத்துல நின்னு போச்சு. நீலப் புள்ளி மட்டும் வெறும் சாம்பல்ல மிதந்துக்கிட்டே போகுது, ஆத்துல விட்ட காகிதக் கப்பல் மாதிரி. ஜிபிஎஸ் ஒழுங்கா இருக்கு, படம்தான் இல்ல.

இப்ப ஆர்கானிக் மேப்ஸ்னு ஒரு செயலி வச்சிருக்கேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்னு பொதுஜனம் சேர்ந்து வரையுற படம், மொத்தமா இறக்கி வச்சுட்டா நெட்டே கேட்காது, பழைய ஆண்ட்ராய்டுலயும் ஓடுது. ஓஸ்மாண்டுங்கிற செயலியிலயும் அதே படம்தான், ஆனா என் போனுக்கு அது கனம், ரெண்டு நிமிஷம் யோசிக்குது. ரெண்டுலயும் ஒரு கண்ணி: கோப்பு மாநிலம் மாநிலமாப் பிரிஞ்சிருக்கும். தமிழ்நாடு தனி, கேரளா தனி. ரெண்டையும் இறக்கலேன்னா வழி கோட்டைவாசலோட முடிஞ்சிரும்.

செங்கோட்டைக்காரனுக்கு இது ஒரு வேடிக்கை. எங்க ஊரு முதல்ல திருவிதாங்கூர்லயும், அப்புறம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்தது. ஊருக்குள்ள வளைவு வாசல்ல இன்னமும் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை இருக்கு. எங்க தாத்தாவுக்குப் புனலூர் வேற ஊருதான், வேற மாநிலம் இல்ல. அன்னைக்குப் போட்ட எல்லைக் கோட்டை இன்னைக்கு என் பதினாறு ஜிபி போனுக்குள்ளயும் போட்டு வச்சிருக்காங்க.

2024 ஜூன் 13

பதினாறு ஜிபின்னு சொன்னதும் நாலு பேரு இடம் பத்தலைன்னு எழுதிட்டாங்க. வண்டிப் போன்ல வாட்ஸ்அப் வைக்காதீங்க. முடிஞ்சுது.

2024 ஜூன் 20

பேட்டரி. பழைய போனோட உண்மையான வியாதி இதுதான். ஜிபிஎஸ் மேல பழி போடுறோம், பாவம், அது தின்னுறது கொஞ்சம். திரைதான் தின்னுது. வெயில்ல தெரியணும்னு வெளிச்சத்தை முழுசா ஏத்தி வைக்கிறோம் பாருங்க, அதுதான்.

ஒரு கதை. சார்ஜ் போட்டபடியே பாவூர்சத்திரத்துல கிளம்புவேன், 60 காட்டும். தென்மலை போகும்போது 35. சார்ஜர்ல மாட்டியிருக்கு, மின்னல் குறி தெரியுது, ஆனா இறங்குது! ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதை. வண்டி ஆடியோ செட்ல இருந்த யுஎஸ்பி துளையில சொருகியிருந்தேன். அதுல வர்றது அரை ஆம்பியர்தான். பாட்டு பென்டிரைவ் போடுறதுக்குன்னு வச்சது அது. போன் அதைவிட அதிகமா செலவழிக்குது. சிகரெட் லைட்டர் துளைக்கு ரெண்டு ஆம்பியர் சார்ஜர் ஒண்ணு வாங்கினேன், நல்ல ஒயரோட. அப்புறம் இறங்கலை. ஒயரும் முக்கியம், மெலிசா இருந்தா சார்ஜரு ரெண்டு ஆம்பியர்னாலும் பிரயோஜனம் இல்ல.

அடுத்தது சூடு. எங்க வண்டிக்கு ஏசி கிடையாது. டேஷ்போர்டு மேல கண்ணாடிக்குப் பக்கத்துல வச்சா போன் தோசைக்கல்லு ஆயிரும். ஒரு அளவுக்கு மேல சூடானா போன் தானாவே சார்ஜ் ஏத்துறதை நிறுத்திரும். நான் கவனிக்கலை. போன வருஷம் பின்மூடி ஒரு பக்கம் லேசாத் தூக்கிட்டு நின்னுச்சு. மூடி சரியா மாட்டலைன்னு நினைச்சு அழுத்தி அழுத்தி விட்டேன். கடைக்காரப் பையன் பார்த்துட்டுப் பதறிட்டான். பேட்டரி உப்பியிருக்கு, இன்னும் ரெண்டு தடவை அழுத்தியிருந்தா தீயே பிடிச்சிருக்கும்னான். அங்கேயே கழட்டிட்டு மாத்தினேன். மூடி மேல தூக்கினா அழுத்தாதீங்க. இதை மட்டுமாவது மனசுல வச்சுக்கோங்க.

இப்ப ஸ்டீரிங்குக்கு இடப்பக்கம் கீழ, காத்து அடிக்கிற இடத்துல மாட்டியிருக்கேன். திரையை அணைச்சுட்டுக் குரலை மட்டும் வச்சுக்கிறேன். என் போன்ல தமிழ்க் குரல் ஏறலை, இங்கிலீஷ்காரிதான். கழுதுருட்டியை அவ ‘காசுதுரட்டி’ன்னுதான் சொல்லுவா. கிளீனர் பையன், “காசைத் துரத்திட்டுத்தானே அண்ணாச்சி போறோம், சரியாத்தான் சொல்லுது”ங்கான்.

2024 ஜூன் 21

ஏரோப்ளேன் மோடு போட்டா ஜிபிஎஸ் போயிருமான்னு கேட்டிருக்காங்க. என் போன்ல போகலை. சிம் இருக்குற போனா இருந்தா மலை ஏறும்போது அதைப் போடுறது நல்லதே. இல்லாத டவரைத் தேடித் தேடியே பாதி பேட்டரி போயிரும். 3ஜி மட்டும் இருக்குற பழைய போனுக்கு ஏர்டெல் மாதிரிக் கம்பெனி 3ஜியை மூடின பிறகு டவர் இருந்தும் பெரிசா நெட் கிடையாது, அதனால இழப்பும் இல்ல.

2024 ஜூலை 2

ஒருத்தர் கிண்டி எடுத்த போன் இருபது வருஷத்துக்கு முந்தின தேதி காட்டுதாம், இடமும் வரலையாம். பேய் பிடிச்சிருக்கான்னு கேக்காரு.

பேய் இல்ல, இது வேற விஷயமா இருக்கலாம். நம்ம தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்புது இல்லியா? 2024ல பிறந்தது குரோதி. 1964லயும் குரோதி. ‘குரோதி வருஷம் கட்டின வீடு’ன்னு மட்டும் எழுதி வச்சா எந்தக் குரோதின்னு நீங்கதான் யோசிச்சுக்கணும். ஜிபிஎஸ்ஸும் அப்படித்தான் வாரத்தை எண்ணுது. 1024 வாரம் ஆனதும் மறுபடி சுழியம். ஏறக்குறைய பத்தொன்பதரை வருஷம். 1999 ஆகஸ்ட்ல ஒரு தடவை திரும்புச்சு, 2019 ஏப்ரல் 6ல ரெண்டாவது தடவை. இனி 2038 நவம்பர்ல. அப்டேட் வராத பழைய போன் எந்தச் சுத்துன்னு தெரியாமப் பழைய சுத்துலேயே நின்னுரும். ஆப்பிள்கூட ஐபோன் 5 வச்சிருக்கவங்களை 2019 நவம்பர் 3க்குள்ள அப்டேட் போடச் சொன்னாங்க, போடலேன்னா ஜிபிஎஸ், தேதி ரெண்டும் கெட்டுப்போகும்னு.

முதல்ல இருக்குற அப்டேட்டை எல்லாம் போட்டுப் பாருங்க, தேதியைக் கையால சரி பண்ணுங்க. அப்பவும் வரலேன்னா அந்தப் போனை அலாரத்துக்கு வச்சுக்கோங்க.

2024 ஜூலை 7

இது வழிக்குச் சம்பந்தமில்ல, ஆனா ரொம்ப நாள் என்னைப் படுத்தினது.

ஜிபிஎஸ்டெஸ்ட்னு ஒரு செயலி இருக்கு. எத்தனை சேட்டிலைட் கேட்குது, எது எவ்வளவு சத்தமாக் கேட்குதுன்னு காட்டும். பழைய போன் வாங்குறவங்க முதல்ல இதைப் போட்டு மொட்டைமாடியில நின்னு பாருங்க. முப்பதுக்கு மேல நாலஞ்சு கம்பி நின்னா நல்ல போன். அதுல உயரமும் காட்டும். செங்கோட்டை ரயில்வே ஸ்டேஷன் மஞ்சப் பலகையில கடல் மட்டத்துக்கு மேல எத்தனை மீட்டர்னு எழுதியிருக்கும் இல்லியா, அதுக்குக் கீழ நின்னு பார்த்தேன். போன் 90 மீட்டருக்கு மேல குறைச்சுக் காட்டுது. போன் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். கொல்லத்துக்கு லோடு போனப்ப கடற்கரையில பார்த்தா மைனஸ் தொண்ணூத்திச் சொச்சம்! கிளீனர் பையன், “கடலுக்கு அடியிலயா அண்ணாச்சி நிக்கோம்?”ங்கான்.

விஷயம் என்னன்னா, ஜிபிஎஸ் பூமியை ஒரு வழவழப்பான உருண்டையா வச்சுக் கணக்குப் போடுது. நிஜக் கடல் மட்டம் ஈர்ப்பு விசையைப் பொறுத்து மேடும் பள்ளமுமா இருக்கு. உலகத்துலயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்க, அந்த உருண்டையைவிட 106 மீட்டர் கீழ. அதோட சரிவுலதான் நம்ம ஊரு இருக்கு. சில செயலி அதைத் திருத்திக் காட்டும், சிலது அப்படியே காட்டும். போன் பொய் சொல்லலை.

ரெண்டு வருஷம் அந்தப் போனைச் சந்தேகப்பட்டேன். அதுக்கு ஒரு புதுக் கவர் வாங்கிப் போட்டேன்.

2024 ஜூலை 8

கவர் வாங்கினதைச் சொன்னேன், அது தந்த தொல்லையைச் சொல்லலை. மூடுறதுக்குக் காந்தம் வச்ச கவர். போட்டதுல இருந்து அம்புக்குறி பின்பக்கம் காட்டுது. நின்னுக்கிட்டு இருக்கும்போது திசை சொல்றது ஜிபிஎஸ் இல்ல, உள்ள காந்த ஊசி மாதிரி வேலை செய்யுற ஒரு சிப்பு. காந்தம் பக்கத்துல இருந்தா அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். காந்த ஸ்டாண்டும் அப்படியே. பத்தடி வண்டி நகர்ந்தா ஜிபிஎஸ்ஸே திசையைக் கண்டுபிடிச்சிரும், அதனால ஓடும்போது தெரியாது, முக்குல நின்னு எந்தப் பக்கம்னு பார்க்கும்போதுதான் ஏமாத்தும்.

கவரைக் கழட்டிட்டு போனை எட்டு போடுற மாதிரி காத்துல சுத்தணும். நான் கோட்டைவாசல்ல நின்னு சுத்துறேன், பின்னால நின்ன லாரிக்காரரு கேக்காரு, “என்ன, போனுக்குத் திருஷ்டி கழிக்கீங்களா?”

2024 ஜூலை 19

சரி, குறுக்கு வழி. எழுத வேண்டாம்னு இருந்தேன். கேட்டவங்க விடலை.

நாலு வருஷத்துக்கு முன்னால. இடமண் பக்கம் ஒரு வீட்டுல விசேஷம், இருபது மூட்டை காய் இறக்கணும். மேப் மெயின் ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பச் சொல்லுது, மூணு கிலோமீட்டர் மிச்சம்னு. எந்த மேப்புன்னு கேக்காதீங்க. திரும்பினேன். முதல்ல தார், அப்புறம் ஜல்லி, அப்புறம் செம்மண். ரெண்டு பக்கமும் ரப்பர் மரம், சிரட்டை கட்டி வரிசையா. வெளிச்சம் குறைஞ்சு போச்சு. மழை பெஞ்சு ஓஞ்ச நேரம். வண்டியோட ரெண்டு பக்கக் கண்ணாடியும் செடியில உரசுது. அப்பவும் திரையில நீலக் கோடு நேரா, அழகா, நாலுவழிச் சாலை மாதிரி ஓடுது. கடைசியில ஒரு இரும்புச் சங்கிலி, பூட்டு. அதுக்கு அப்பால வழி ஆளு நடக்குற அகலம்தான்.

ரப்பர் பால் எடுக்குற அம்மா ஒருத்தங்க பாத்திரத்தோட வந்தாங்க. என்னைப் பார்த்தாங்க, போனைப் பார்த்தாங்க. இந்த மாசத்துல நான் மூணாவது ஆளாம். சங்கிலி போட்டதே அதுக்குத்தானாம்.

நானூறு மீட்டர் ரிவர்ஸ். கிளீனர் பையன் பின்னால நடந்துக்கிட்டே தட்டித் தட்டிச் சொல்றான். சேத்துல டயர் ஒரு தடவை வழுக்குச்சு, எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. வெண்டைக்காய் மூட்டை ஒண்ணு சரிஞ்சு விழுந்தது.

இதுல போனோட ஜிபிஎஸ் ஒரு சின்னத் தப்புகூடப் பண்ணலை. ரப்பர் காட்டுக்குள்ள, சங்கிலிக்கு முன்னால, நான் நின்ன இடத்துலயே அச்சு அசலா நீலப் புள்ளி நின்னுச்சு. யாரோ வரைஞ்ச கோடுதான் தப்பு. புதுப் போன் வாங்கியிருந்தாலும் அதே சங்கிலிக்கு முன்னாலதான் நின்னிருப்பேன், இன்னும் கொஞ்சம் சீக்கிரமா.

2024 ஜூலை 20

அந்தக் கோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்லயும் ரோடுன்னுதான் இருந்துச்சு. அதை யாரு வேணும்னாலும் திருத்தலாம்னு மக சொன்னா, அவளே உட்கார்ந்து தோட்டப் பாதைன்னு மாத்தி, சங்கிலி இருக்குற இடத்துல கேட்டுன்னு குறி போட்டா. அடுத்த தடவை கேரளாக் கோப்பை இறக்கினப்ப வழி மெயின் ரோட்டுலயே போச்சு. நான் செஞ்ச ஒரே சமூக சேவை, அதையும் மகதான் செஞ்சா.

2024 ஆகஸ்ட் 4

பதிமூணு கண் ரயில் பாலத்துக்கிட்ட புள்ளி ரோட்டை விட்டு ஆத்துக்குள்ள குதிக்குதாம். எனக்கும் குதிக்கும். பள்ளத்தாக்கு ஒடுக்கம், ஒரு பக்கம் மலை. சிக்னல் நேரா வராம பாறையில பட்டுத் திரும்பி வந்தா போன் தூரத்தைக் கூட்டிப் போட்டுக்கும். ஒரு மைக்ரோ நொடி தப்பினா 300 மீட்டர். 1904ல ரயில் ஓட ஆரம்பிச்ச பாலத்து மேல நம்ம லோடு வண்டி போற மாதிரிக்கூட ஒரு நாள் காட்டுச்சு. நூறு மீட்டர் போனா தானா ரோட்டுக்கு வந்துரும், பதறி யூ டர்ன் போடாதீங்க.

நம்ம நாட்டு ஜிபிஎஸ்ஸான நாவிக் பத்திக் கேட்டவருக்கு: பழைய போன்ல வராது. அதுக்குத் தனிச் சிப்பு வேணும், செயலி போட்டு வரவைக்க முடியாது. முதல் சேட்டிலைட்டே 2013 ஜூலையிலதான் மேல போச்சு. பழைய போன்ல ரஷ்யாக்காரங்க க்ளோனாஸ் இருந்தாலும் இருக்கும், ஜிபிஎஸ்டெஸ்ட்ல பாருங்க.

2024 நவம்பர் 24

கேள்வி கேட்ட தம்பி தனிச் செய்தி அனுப்பியிருக்காரு. புனலூர் போயிட்டு வந்துட்டாராம், சித்தப்பாவையும் கூட்டிட்டு. சித்தப்பா வழி பூரா போனையே பார்த்துட்டு வந்தாராம், டவர் கம்பி போன பிறகும் புள்ளி நகருறதைப் பார்த்து, “உள்ள வேற சிம் போட்டிருக்கே”ன்னாராம்.

அடுத்து அச்சன்கோவில், மார்கழித் திருவிழாவுக்கு. மேப் புனலூர்ப் பக்கம் போய் அலிமுக்கு வழியாக் காட்டு ரோட்டைக் காட்டுது, போகலாமான்னு கேக்காரு. தம்பி, அய்யனோட ஆபரணப் பெட்டியே புனலூர்ல இருந்து கிளம்பி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசின்னு நம்ம ஊரைச் சுத்திட்டுத்தான் அச்சன்கோவில் போகுது. நீங்க தென்காசியிலயே இருந்துக்கிட்டு எதுக்குப் புனலூர் போகணும்? செங்கோட்டையில இருந்து பண்பொழி, மேக்கரை வழியாப் போங்க. மேக்கரையில யாருகிட்டயாவது ரோடு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. யானை இறங்கியிருக்கான்னு எந்த மேப்பும் சொல்லாது.

2024 நவம்பர் 25

என் போன்ல நேத்து பவர் பட்டன் உள்ள போயிருச்சு. இப்ப சார்ஜர் சொருகினாத்தான் திரை எந்திரிக்குது. சொருகிப் பிடுங்கி, சொருகிப் பிடுங்கி. புள்ளி வருது. நாளைக்கு முருங்கைக்காய் லோடு, நாலரைக்குக் கிளம்பணும்.